1930 மாடல் ஏ-வுக்கு பிக்கப் லாரியின் ஸ்டீயரிங் பாக்ஸ் போடலாமா?

டூடர்_1930:

வணக்கம். மிச்சிகனில் டியர்பார்ன் பக்கம் இருக்கிறேன். போன வருடம் ஒரு 1930 ஃபோர்டு மாடல் ஏ டூடர் (இரண்டு கதவு கார்) வாங்கினேன். இன்ஜின் குறை சொல்ல முடியாது, முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. தலைவலி ஸ்டீயரிங்தான். முன்சக்கரம் அசையாமலே ஸ்டீயரிங் வீலை அரைச் சாண் அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆட்டலாம். மணிக்கு 40 மைலில் போனால் வண்டி தன் இஷ்டத்துக்கு மேய்கிறது. ஒருமுறை கூட வந்த என் மனைவி, "இது காரா, பரிசலா?" என்று கேட்டாள். நிறுத்தும்போது திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது.

இங்கே ஒருவரிடம் 1950 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் ஸ்டீயரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) ஒன்று இருக்கிறது. 300 டாலர் கேட்கிறார். அப்படியே பொருந்தும், ஒரு சனிக்கிழமை வேலைதான் என்கிறார். செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சேஸிஸில் கை வைக்க வேண்டி வருமா?

லேத்து_மாமா:

தம்பி, நான் செய்திருக்கிறேன். 1931 கூபேயில். ஒரு சனிக்கிழமை இல்லை, ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று.

முதலில் அந்தப் பாக்ஸின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு பல் செக்டர், அதாவது பல்சக்கரத்தின் ஒரு துண்டு. வீலோடு சுற்றும் வார்மின் (திருகு போன்ற தண்டின்) மேல் பல் உராய்ந்துகொண்டே நகரும். 1948 முதல் 52 வரை வந்த எஃப்-1-ல் பல்லுக்குப் பதில் உருளை. உராய்வு குறைவு, தேய்மானமும் குறைவு. விகிதமும் வேறு. உங்களுடையது 13-க்கு 1, அதாவது வீல் 13 பாகை சுற்றினால் செக்டர் 1 பாகை திரும்பும். எஃப்-1 அதைவிடக் கூடுதல். அதனால் கைக்கு லேசாக இருக்கும், ஆனால் அதே வளைவுக்கு வீலை அதிகமாகச் சுற்ற வேண்டும். இங்கே ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) கட்டுகிறவர்கள் அதைத் தேடித்தேடி வாங்குவது சும்மா இல்லை.

இப்போது "அப்படியே பொருந்தும்" என்ற கதைக்கு வருவோம். செக்டர் ஷாஃப்ட் சேஸிஸைத் தாண்டி வெளியே வரும் ஓட்டை உங்கள் பழைய பாக்ஸுக்காகப் போட்டது. அதைப் பெரிதாக்கி, உள்பக்கம் தகடு வைத்து வெல்ட் செய்து, புதிதாகத் துளைபோட வேண்டும். ஸ்டீயரிங் ஷாஃப்டின் நீளம் சேராது, மேல்முனையை உங்கள் வீலுக்குத் தக்கபடி லேத்தில் கடைய வேண்டும். ஷாஃப்டை நடுவில் அறுத்து முட்டுக்கு முட்டு வெல்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆள் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள். பிட்மன் ஆர்மை (செக்டர் ஷாஃப்டின் வெளிமுனையில் மாட்டும் கையை) சூடு காட்டி வளைப்பதும் அப்படித்தான்.

என்னை அழவைத்தது வேறொன்று. வீலின் நடுவில் ஹார்ன் பட்டனுக்குக் கீழே விளக்கு லீவர் இருக்கிறதல்லவா? அதன் கம்பி ஷாஃப்டுக்கு உள்ளேயே இறங்கி, பாக்ஸின் அடியில் இருக்கும் சுவிட்சைத் திருப்புகிறது. இடதுபக்கம் ஸ்பார்க் லீவர் (இன்ஜினில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுவது), வலதுபக்கம் ஆக்ஸிலரேட்டர் லீவர், அவற்றின் கம்பிகளும் ஸ்டீயரிங் குழாயை ஒட்டியே இறங்குகின்றன. புதுப் பாக்ஸ் வந்ததும் இதற்கெல்லாம் இடம் தேட வேண்டும். கடைசியில் நான் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாதாரண சுவிட்ச் வைத்தேன். இன்றைக்கும் இருட்டினால் என் கை முதலில் வீலின் நடுவுக்குத்தான் போகிறது.

அதனால் 300 டாலரை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் வீலை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். வீல் அசைந்து பிட்மன் ஆர்ம் சும்மா இருந்தால் குற்றவாளி பாக்ஸ். ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் டிராக் லிங்க் (பிட்மன் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டை ராடு (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகளில் இருக்கும் குண்டுகளைப் பாருங்கள். புதிதில் அவை 1 அங்குல உருண்டை. அப்புறம் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்தும் ஆட்டம் நிற்காவிட்டால் கிங்பின் புஷ் (சக்கரம் திரும்பும் அச்சாணியின் உறை), நின்றால் சக்கர பேரிங்.

பீளமேடு:

கோவையிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் குடும்பத்தில் ஒரு 1929 மாடல் ஏ இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த வலதுபக்க ஸ்டீயரிங் வண்டி. எனக்கும் இந்த ஆசை இருந்தது. ஆனால் இந்தியாவில் 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி, 50 வயது தாண்டிய வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. விண்டேஜ் வண்டிகளுக்கான "விஏ" நம்பர் பிளேட் வேண்டும் என்பதால் டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்துவிட்டேன்.

டூடர்_1930:

மாமா, மகனை உள்ளே உட்காரவைத்து நான் கீழே படுத்தேன். பிட்மன் ஆர்ம் உடனே அசைகிறது, ஆனால் டிராக் லிங்க் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது! கழற்றிக் காலிப்பர் வைத்தால் ஆர்மின் குண்டு ஒரு பக்கம் 1 அங்குலம், இன்னொரு பக்கம் 0.91. குண்டு இல்லை, கோழிமுட்டை. டிராக் லிங்கின் உள்ளே ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது.

பாக்ஸுக்குள் யாரோ சக்கர பேரிங் கிரீஸை அடைத்திருக்கிறார்கள். அது ஓரமாக ஒதுங்கிக் கட்டியாகிவிட்டது, வார்ம் காய்ந்து கிடந்தது. கழுவிவிட்டு, சோளம் அறுக்கும் இயந்திரத்துக்குப் போடும் கூழ் போன்ற கிரீஸை ஊற்றினேன். டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) 1/16 அங்குலம் இருக்க வேண்டியது 3/8 இருந்தது, அதையும் சரிசெய்தாயிற்று.

குண்டு, ஸ்பிரிங், சீட் எல்லாம் சேர்த்து 100 டாலருக்குள் முடிந்தது. இப்போது வீலில் ஆட்டம் ஓர் அங்குலம்தான். நிறுத்தும்போது கனம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் உருட்டிக்கொண்டே திருப்பினால் தோள் தப்பிக்கிறது. செப்டம்பரில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் ஓல்டு கார் ஃபெஸ்டிவலுக்கு விளக்கு லீவரோடு போகிறேன். மனைவியும் வருகிறாளாம்.

லேத்து_மாமா:

நல்லது. அந்த 1950 பாக்ஸ் இன்னும் அவரிடம் இருக்கிறதா? இருந்தால் 250-க்குப் பேசி எனக்கு எடுத்து வையுங்கள். கொட்டகையில் இன்னொரு சேஸிஸ் கிடக்கிறது, அதில் ஏற்கெனவே எவனோ ஓட்டை போட்டுவிட்டான்.