டிரெய்னிங் போயிட்டு வந்தும் கிளாஸ்ல ஒண்ணும் மாறல, எனக்கு மட்டும்தானா?

சாக்பீஸ்தூசி:
8-ம் கிளாஸ் சயின்ஸ் எடுக்குறேன். போன மாசம் ஸ்மார்ட் போர்டு டிரெய்னிங்னு ஒரு நாள் முழுக்க உக்கார வச்சு 15 ஆப் காட்டினாங்க, எல்லாத்துலயும் லாகின் பண்ண வச்சாங்க, சர்டிஃபிகேட்டும் குடுத்தாச்சு. கிளாஸ்ல போய் நின்னா எந்தப் பாடத்துக்கு எதை எடுக்குறதுனே தெரியல. கேபிள் சொருகி படம் வர்றதுக்கே 10 நிமிஷம், அதுக்குள்ள கிளாஸ் சந்தக்கடை. இப்போ போர்டுல பிபிடி மட்டும்தான் ஓடுது.

மூணாவதுபீரியட்:
உங்க தப்பு இல்ல டீச்சர். பட்டன் எங்க இருக்குன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, அதை வச்சு பாடம் எப்படி நடத்துறதுன்னு சொல்லல. சப்ஜெக்ட், நடத்துற முறை, டெக்னாலஜி மூணும் பிரிஞ்சு நின்னா வேலைக்காகாதுன்னு மிஷ்ரா, கோலர்னு ரெண்டு கல்வி ஆராய்ச்சியாளர்கள் 2006லயே எழுதிட்டாங்க (இப்போ அதுக்கு டீபேக்னு பேர்), இன்னும் ஆப் லிஸ்ட்தான் ஓடுது.

15ஐயும் மறந்துட்டு பசங்க வருஷா வருஷம் சறுக்குற ஒரே பாடத்தை எடுங்க. நான் மின்சுற்று எடுத்தேன். ஃபெட் சிமுலேஷன் (திரையிலயே சோதனை பண்ணிப் பாக்குறது) ஃப்ரீதான், டவுன்லோட் பண்ணி வச்சா நெட் இல்லாமயும் ஓடும். தொடர் இணைப்புல ஒரே மாதிரி ரெண்டு பல்பு போட்டு, ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி எது பிரகாசமா எரியும்னு நோட்டுல எழுதச் சொன்னேன். பாதிப் பேர் மொத பல்புதான்னாங்க, கரண்ட்டை அது குடிச்சிடுமாம்! போட்டா ரெண்டும் ஒரே வெளிச்சம். அம்மீட்டரை முன்னாடி வச்சாலும் பின்னாடி வச்சாலும் அதே நம்பர். ஒருத்தன் பேட்டரியையே திருப்பிப் போட்டுப் பாத்தான். அன்னைக்கு வேற எதுவும் நடத்தல.

கடைசிபெஞ்ச்:
சரிதான், ஆனா தனியா பண்ணா ரெண்டு வாரத்துல விட்டுடுவீங்க. டெமோ பாத்தா மட்டும் போதாது, கிளாஸ்ல கூட இருந்து பாத்து சொல்ற ஆள் வேணும்னு ஆசிரியர் பயிற்சி பத்தி ஆராய்ச்சி பண்ண ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980கள்லயே எழுதினாங்க. பக்கத்து கிளாஸ் டீச்சரைக் கூப்பிடுங்க, ஆனா அவங்க போர்டைப் பாக்க வேணாம், பசங்களைப் பாக்கட்டும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது, பின்னாடி ரெண்டு வரிசைக்கு எழுத்தே தெரியலன்னு, அதுவரைக்கும் நான் அனிமேஷன் சூப்பர்னு நெனச்சிட்டு இருந்தேன். (ஹெச்எம்மை மட்டும் கூப்பிடாதீங்க, இன்ஸ்பெக்‌ஷன் ஆயிடும்.)

சாக்பீஸ்தூசி:
ரெண்டு பேருக்கும் நன்றி, ஒளி விலகல்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கேபிளுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல பாருங்க 😀

மூணாவதுபீரியட்:
அதுக்கு ரெண்டு பசங்களைப் பொறுப்பு போட்டுடுங்க. நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கிறதுக்குள்ள படம் வந்துடும்.