'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தை அம்மா ஏன் பாதியில் விட்டு எழுந்தார்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஜியோ பேபி எழுதி இயக்கிய இந்த மலையாளப் படம் 2021 ஜனவரி 15 அன்று நீஸ்ட்ரீம் என்ற சிறிய ஓடிடி தளத்தில் வெளியானபோதே, சென்னையில் என் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். புதிதாகத் திருமணமாகி வந்த ஒரு பெண், கணவன் வீட்டு அடுப்படி வேலையிலேயே சிக்கித் திணறி, கடைசியில் அங்கிருந்து வெளியேறும் கதை அது. பின்னொரு பொங்கல் விடுமுறைக்கு மதுரை சென்றிருந்தபோது, வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்த ஒரு மாலையில் அதை மீண்டும் போட்டேன். அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, சின்ன அத்தை ஆகியோர் உடன் இருந்தார்கள். நூறு நிமிடப் படம் முடிவதற்குள் வீடே இரண்டுபட்டுவிட்டது.

அப்பாவுக்குப் படம் மிகையாகத் தெரிந்தது. இந்தக் காலத்தில் எந்த மாமனார் பல் துலக்க பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறார் என்று கேட்டார். அண்ணன் முதல் ஒரு மணி நேரம் அமைதியாகப் பார்த்தான். கணவன் சபரிமலைக்கு மாலை போட்ட பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த படத்தில் சாமியை ஏன் இழுத்தார்கள் என்று சத்தம் போட்டான். சின்ன அத்தை கடைசிக் காட்சியில் கைதட்டினார். அண்ணி எதுவுமே சொல்லவில்லை.

இவை எல்லாம் நான் ஓரளவு எதிர்பார்த்தவைதாம். எதிர்பாராதது அம்மாவின் கோபம். கதாநாயகி மூன்றாவது முறையோ நான்காவது முறையோ பாத்திரம் துலக்கத் தொடங்கியபோது, "இதை உட்கார்ந்து வேறு பார்க்க வேண்டுமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாளைக்கு மாவு அரைக்க உளுந்து ஊற வைக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதன் பிறகு அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் நான் கேட்டபோது, "அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போதாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

முப்பத்து நான்கு ஆண்டுகளாக அந்த அடுப்படியில் நிற்பவர் அவர். அவருக்காகத்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டது என்று நான் நம்பியிருந்தேன். ஆண்கள் சீறுவது எனக்குப் புரிகிறது. அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒரு பெண்ணே ஏன் அந்தக் கதாநாயகியைக் குற்றம் சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை. உங்கள் வீடுகளிலும் இப்படி நடந்ததா?

திரைவாசகன்:

உங்கள் தாயார் எழுந்து போன இடம் மிகச் சரியான இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் படத்தின் அமைப்பே திரும்பத் திரும்ப வருவதில்தான் இருக்கிறது. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, தோசை ஊற்றுவது, ஆண்கள் சாப்பிட்டு எழுந்த மேசையைத் துடைப்பது, பாத்திரம் துலக்குவது, கசியும் சிங்க் குழாய்க்கு அடியில் வாளி வைப்பது என்று ஒரே வேலைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பின்னணி இசையைக் காட்டிலும் பாத்திரங்களின் ஓசைதான் அதிகம். அடுப்படிக்குள் என்ன நடக்கிறது என்று அறியாமலே வளர்ந்த பார்வையாளருக்கு அந்தச் சலிப்பு ஒரு புது அனுபவம். அது அவருக்குள் குற்ற உணர்வாகவோ எரிச்சலாகவோ மாறுகிறது. ஆனால், நாள் முழுவதும் அதையே செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? அவருக்கு அது ஓய்வு நேரத்திலும் தொடரும் வேலை.

உங்கள் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்களும் சபரிமலைக்குச் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து கேரளத்தில் வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. அந்தக் காலத்தில் வைத்துத்தான் கதை சொல்லப்படுகிறது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அந்த அமர்வில் தீர்ப்புக்கு மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி இந்து மல்ஹோத்ரா. அமர்வில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பதே தவறு என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டாம்.

சாமியை இழுக்காமல் எடுத்திருந்தால் எதிர்ப்பு வந்திருக்காது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் ஜீ5 தளத்தில் வெளியான 'மிஸஸ்' என்ற இந்தி மறு ஆக்கத்தில் சபரிமலை இல்லை. அப்படியும் ஆண்களின் உரிமை பேசும் ஓர் அமைப்பு, சமைப்பதில் அப்படி என்ன மன அழுத்தம் இருந்துவிடப் போகிறது என்ற போக்கில் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. ஆக, சினம் வேறெங்கோ இருக்கிறது. இந்தப் படத்தில் கணவன் குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை. பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தும், பார்வைக்கு மரியாதையான ஓர் ஆசிரியர் அவர். உணவகத்தில் சக்கையை ஒழுங்காகத் தட்டோரம் வைக்கிறாரே, வீட்டில் ஏன் மேசை மேல் துப்புகிறார் என்று மனைவி சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அதற்கே அவர் முகம் கறுத்துவிடுகிறது, மன்னிப்புக் கேட்க வைக்கிறார். முரட்டு வில்லன் என்றால் நாம் அவனைத் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாக வீடு போகலாம். இந்த மனிதரை அப்படித் தள்ளி வைக்க முடியவில்லை. பாத்திரங்களுக்குப் பெயர்கூட வைக்காமல் விட்டதால் அவர் நம் வீட்டு ஆள் போலவே ஆகிவிடுகிறார். இதில்தான் படத்தின் சீண்டல் இருக்கிறது.

நடுநிலைப்பள்ளி ஆசிரியை (ஓய்வு):

மகளே, உன் அம்மாவின் வயதை ஒட்டியவள் நான்; சற்று மூத்தவளாகவும் இருப்பேன். அவர் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்த வகையில் எழுதுகிறேன்.

காலை நாலரைக்கு எழுந்து, இரு வேளைச் சமையலை முடித்து, எட்டு மணிப் பேருந்தைப் பிடித்துப் பள்ளிக்கு ஓடியவள் நான். என் மாமனாருக்கும் குக்கர் சோறு ஆகாது, மிக்ஸியில் அரைத்த சட்னி ஆகாது. படத்தில் வரும் மாமனார் குரலை உயர்த்தாமல், சோற்றை விறகடுப்பில் வைத்துவிடேன் என்று மென்மையாகச் சொல்கிறாரே, அந்த மென்மையை நான் அறிவேன். கத்தினால் எதிர்த்துப் பேசலாம்; அப்படிக் கனிவாகச் சொல்பவரிடம் என்ன பேசுவது?

படத்தை நான் கடைசி வரை பார்த்தேன். பார்க்கும்போது எனக்கும் கோபம் வந்தது, அதுவும் முதலில் அந்தப் பெண் மேல்தான். சில மாதங்களில் அவளால் வெளியே வர முடிகிறதென்றால், முப்பது ஆண்டுகள் உள்ளேயே இருந்த நான் யார் என்ற கேள்வி எழுகிறது. நான் செய்ததெல்லாம் வெறும் அடிமை வேலை என்று ஒரு படம் சொல்லும்போது, என் கைப்பக்குவம், என் ரசத்துக்காகவே வந்து உட்கார்ந்த உறவுகள், நான் பசியாற்றி வளர்த்த பிள்ளைகள் என்று எனக்கென்று நான் சேர்த்து வைத்த கொஞ்சத்தையும் அது சேர்த்தே துடைத்துவிடுவது போல இருக்கிறது. "பொறுமை போதாது" என்று உன் அம்மா சொன்னது, தன் பொறுமைக்கு மதிப்பு இருந்தது என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டதாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அந்தப் பெண்ணைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கும் காட்சிகளைப் பார்த்து இளம் பெண்கள் கொதித்ததாகப் படித்தேன். எங்கள் வீட்டிலும் பின்கட்டில் ஓர் அறை உண்டு. ஒரு பாய், ஒரு சொம்பு, தனித் தட்டு. ஆனால் அந்த மூன்று நாட்களில்தான் வார இதழ்களின் தொடர்கதைகளை நான் நிம்மதியாகப் படித்தேன். பல ஆண்டுகள் அதை ஓய்வு என்றே நினைத்து, அடுத்த மாதம் எப்போது வரும் என்று எதிர்பார்த்தும் இருக்கிறேன். தீட்டு என்று பெயர் வைத்தால்தான் எனக்கு மூன்று நாள் ஓய்வு கிடைத்தது என்பதை நினைத்து அழுதது இந்தப் படம் பார்த்த இரவில்தான். இதையெல்லாம் கூடத்தில், கணவனும் மகனும் மருமகளும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் எப்படி நினைத்துப் பார்ப்பாள்? அவள் எழுந்து உளுந்து ஊற வைக்கத்தான் போவாள்.

நாஞ்சில் வாசகர்:

எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்; என் காரணம் வைகைக்கரையின் அண்ணன் சொன்ன காரணம் அன்று. படத்தில் அந்த வீட்டுக்கு உஷா என்றொரு பணிப்பெண் வருகிறார். மாதவிலக்கு நாட்களிலும் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வருவதாக அவர் சொல்கிறார். வீட்டில் உட்கார்ந்தால் அவருக்குக் கூலி கிடையாது. கதாநாயகிக்குத் திரும்பிப் போகத் தாய்வீடு இருக்கிறது, கையில் நடனம் இருக்கிறது. உஷா எந்தக் கதவைத் திறந்துகொண்டு எங்கே போவார்? ஒரு பழைய உயர்சாதித் தறவாட்டுக்குள், அதாவது பரம்பரை வீட்டுக்குள், நடப்பதை 'இந்தியாவின் அடுப்படி' என்று தலைப்பிட்டுப் பொதுமைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் ஆர். கண்ணன் இயக்கத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து 2023 பிப்ரவரியில் வந்த மறு ஆக்கத்தைப் பார்த்தபோதும் இதே மனக்குறைதான் மிஞ்சியது.

அதே சமயம், வைகைக்கரையின் தந்தையார் சொன்னதைப் போல இதெல்லாம் மிகை என்று நான் சொல்ல மாட்டேன். நடுவண் அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதிலும், அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களோ 81 பேர். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துத் தரும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதன்று கேள்வி. தினமும் ஐந்து மணி நேரம் யாருடையது என்பதுதான்.

திரைவாசகன்:

நாஞ்சில் வாசகரே, உஷாவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஒரே ஒரு மாற்றுக் கருத்து. அந்தக் காட்சியைப் படம் தெரியாமல் வைக்கவில்லை. எஜமானிக்குத் தீட்டு, வேலைக்காரிக்கு வேலை என்ற முரணை நம் கண்ணில் படும்படி வைத்துவிட்டுத்தான் நகர்கிறது. விடை சொல்லாமல் நகர்ந்தது குறைதான். ஆனால் கதாநாயகி வெளியேறிய பிறகும் படம் வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. தாய்வீட்டில் தம்பி உள்ளே வந்து தண்ணீர் கேட்டதும், அம்மா தங்கையை எழுப்பி அனுப்புகிறார். அதற்காகத்தான் அவள் வெடிக்கிறாள். பழைய வீட்டிலோ கணவன் குடித்து வைத்த கோப்பையை இரண்டாம் மனைவி எடுத்துப் போகிறாள். ஒருத்தி தப்பினாள், வீடு மாறவில்லை. வெளியேறும் முன் கணவன், மாமனார் முகத்தில் அவள் சாக்கடைத் தண்ணீரை ஊற்றும் காட்சிக்குக் கைதட்டியவர்களும் சீறியவர்களும் அதற்குப் பிறகு வரும் இந்தச் சில நிமிடங்களைக் கவனிக்கவில்லையோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை அப்படியே அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பின்கட்டு அறை வந்த இடத்தில் "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, நான் சென்னை திரும்பிய அடுத்த வாரமே, பிற்பகலில் ஆண்கள் இல்லாத நேரத்தில், விட்ட இடத்திலிருந்து மீதிப் படத்தை அண்ணியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். அண்ணிதான் போட்டாராம்.

எந்தக் காட்சி மனதில் நின்றது என்று கேட்டேன். சாக்கடைத் தண்ணீரையோ சபரிமலையையோ அவர் சொல்லவில்லை. வெளியூரில் மகள் வீட்டில் இருக்கும் மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போடு, நான் சொன்னதாக மட்டும் வீட்டில் சொல்லிவிடாதே என்று மருமகளிடம் சொல்கிறாரே, அந்தக் காட்சி என்றார். அந்த மாமியார் முதுகலை படித்தவர், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததைத்தான் மாமனார் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார் என்பதையும் அம்மா நினைவில் வைத்திருந்தார்.

"அந்தப் பெண் கிளம்பிப் போய்விட்டாள், சரி. மகளின் பிரசவம் பார்த்துவிட்டு அந்த அம்மாள் திரும்பி வருவாளே, அவளுக்கு யார் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.