டெஸ்டொஸ்டெரோனும் வேண்டும், பிள்ளையும் வேண்டும்: கொழும்பிலிருந்து சில அனுபவங்கள்

வெள்ளவத்தை, வயது 34

கலியாணமாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. வீட்டில் பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழத் தொடங்கிய அதே நாட்களில் எனக்கு டெஸ்டொஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறைவு என்று அறிக்கை வந்தது. ஊசியைத் தொடங்குவதா, பொறுப்பதா என்று பல மாதங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இதே சிக்கலில் வேறு பலரும் இருப்பார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

முதலில் வந்தது களைப்பு. வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் கதிரையில் சரிந்துவிடுவேன். ஆசையும் அடங்கிப் போயிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் சனல் செய்து, அதாவது முன்பதிவு செய்து, வைத்தியரைப் பார்த்தேன். இங்கே நிபுணர்கள் தனியாரில் உட்காருவது பெரும்பாலும் அரச வேலை முடிந்த பிறகு மாலையில்தான். என் இலக்கம் வரும்போது இரவு எட்டு மணி. அங்கேயே கீழே இறங்கி இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். டெஸ்டொஸ்டெரோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது போகப் போக இறங்கும் ஹோர்மோன். காலை பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்களில் பார்த்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். அதை அன்று ஒருவரும் சொல்லவில்லை. அறிக்கையைப் பார்த்தவர், "குறைவுதான், ஊசி தொடங்கலாம்" என்றார். எழுந்து கதவருகில் வந்த பிறகு, "டொக்டர், நாங்கள் பிள்ளைக்கு முயற்சி செய்கிறோம்" என்றேன். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்தப் "பிறகு" எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா மகன் வேறு. "எனக்கு 290 இருந்தபோதே ஊசி தந்தார்கள், உனக்கு வெறும் 8ஆ? எப்படியடா நடமாடுகிறாய்?" என்று பயமுறுத்தினார். அவர் சொன்னது டெசிலீற்றருக்கு நானோகிராம் கணக்கு. என் அறிக்கையில் இருந்தது லீற்றருக்கு நானோமோல். நானோமோலை 28.8ஆல் பெருக்கினால் நானோகிராம் வரும். என் 8 அவருடைய கணக்கில் 230. அறிக்கையை யாருக்காவது வாசித்துக் காட்டுவதற்கு முன் அலகைப் பாருங்கள். எது குறைவு என்பதிலும் எல்லோரும் ஒரே கோடு போடவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 300 நானோகிராம் என்கிறது, ஐரோப்பிய வழிகாட்டி 12 நானோமோல், அதாவது ஏறக்குறைய 346 என்கிறது.

இரண்டாவதாகப் பார்த்த ஹோர்மோன் நிபுணர் நான் உட்காரும் முன்பே, "பிள்ளைகள் இருக்கிறார்களா? இனி வேண்டுமா?" என்று கேட்டார். காலைப் பரிசோதனை இரண்டு முறை எழுதினார். கூடவே விதைகளை (விரைகளை) இயக்க மூளையடியிலிருந்து வரும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹோர்மோன்கள், புரோலாக்டின் என்ற இன்னொரு ஹோர்மோன், தைரொயிட். இரண்டு காலையும் டெஸ்டொஸ்டெரோன் குறைவாகவே வந்தது. எல்.எச். உயரவில்லை. விதைகளில் பழுது என்றால் அது உயர்ந்திருக்கும். மூளையிலிருந்து வரும் உத்தரவுதான் மந்தம் என்று அதற்குப் பொருள்.

ஊசி போட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியை வைத்து விளக்கினார். பவுசரில் கொண்டுவந்து தாங்கியை நிரப்பினால் மிதவை மேலே ஏறிச் சபைக் குழாயை அடைத்துவிடும். இரத்தத்தில் டெஸ்டொஸ்டெரோன் நிறைந்திருப்பதைக் கண்டால் மூளையும் அப்படித்தான் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடைத்துவிடுகிறது. அவை வராவிட்டால் விதை தானாகச் சுரக்காது. விந்தணு உருவாவதற்கு விதைக்குள்ளே இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டொஸ்டெரோன் வேண்டும், வெளியிலிருந்து போடும் ஊசியால் அந்த அளவுக்கு எட்ட முடியாது. 1990இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்றில் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டொஸ்டெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே பரிசோதித்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போயிருந்தது. ஒரு பக்கம் பிள்ளைக்கு முயற்சி, மறுபக்கம் கருத்தடை ஊசி! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

எனக்கு அவர் எழுதியது குளோமிபீன். மூளைக்குப் போகும் "போதும்" என்ற செய்தியை மறித்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் கூட்டும் குளிசை. பெண்களுக்கு முட்டை வெளிவரக் கொடுப்பதற்கென்றே அங்கீகரிக்கப்பட்டது, ஆண்களுக்கு வைத்தியரின் தீர்மானத்தில்தான் தருகிறார்கள். பாமசியில் இருந்த பெண் துண்டைப் பார்த்துவிட்டு, "இது மிஸஸுக்குத்தானே?" என்றார். "இல்லை, எனக்கு" என்றேன். பின்னால் நின்ற மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

குளிசைக்கு முன் விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாட்கள் விலகி இருந்து கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்கென்று ஒரு சிறிய அறை உண்டு, வெளியே தாதிமார் கதைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்றேன். ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே வர வேண்டும் என்றார்கள். கிண்ணத்தைச் சட்டைக்குள் கக்கத்தில் இடுக்கியபடி ஓட்டோவில் ஏறினேன். ஹவ்லொக் வீதியில் பாடசாலை வான்கள். திம்பிரிகஸ்யாய சந்தியில் ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "தம்பிக்குத் தோளில் நோவா?" என்று கேட்டார். ஆம் என்றேன். நாரஹேன்பிட்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

எண்ணிக்கை மோசமில்லை. இருந்தாலும் பிற்காலத்தில் ஊசி தேவைப்பட்டால் கையில் இருக்கட்டும் என்று கொஞ்சம் உறையவைத்தோம். திரவ நைதரசனில், மறை 196 பாகையில் வைக்கிறார்கள். உருக்கும்போது எல்லாம் பிழைப்பதில்லை, அதையும் சொல்லித்தான் வாங்குகிறார்கள். குளிசையால் என் அளவு ஏறியிருக்கிறது. களைப்பு பாதிதான் குறைந்தது. மீதிப் பாதி என் வேலையிடத்துக்குச் சொந்தம் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை, மனைவி

தம்பி, நீங்கள் கதவருகில் நின்றாவது கேட்டீர்கள். உடல்கட்டு, இளமை என்று விளம்பரம் செய்யும் ஓர் இடத்தில் என் கணவருக்கு டெஸ்டொஸ்டெரோன் ஜெல் கொடுத்தார்கள். அவருக்குப் பிள்ளை இருக்கிறதா, வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் குளித்துவிட்டுத் தோளில் பூசுவார். ஆள் உற்சாகமாகத்தான் இருந்தார், நானும் மகிழ்ந்தேன்.

பிள்ளைதான் தங்கவில்லை. மாமி ஒவ்வொரு மாதமும், "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்பார். கேள்வி எனக்கு மட்டும்தான் வரும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் நிற்பேன். எனக்கு ஸ்கேன், இரத்தம், கருக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அந்த நோவைச் சொல்ல வேண்டியதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். அத்தனைக்கும் பிறகுதான் ஒரு வைத்தியர் அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா?" என்று கேட்டார். விந்துப் பரிசோதனையின் முடிவு பூச்சியம். என் உடம்பில் இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொடுக்க இவர்களுக்குத் தோன்றியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஜெல்லை நிறுத்தினோம். நிறுத்தியதும் அவர் சுருண்டுபோனார். வெளியிலிருந்து வருவது நின்றுவிட்டது, உள்ளே சுரப்பது இன்னும் விழிக்கவில்லை. சிடுசிடுப்பு, தூக்கம், எதிலும் பிடிப்பின்மை. வைத்தியர் எச்.சி.ஜி. ஊசி எழுதினார், அது எல்.எச். செய்யும் வேலையைச் செய்து விதையை எழுப்பும் என்றார். குளிர்சாதனப் பெட்டியில் மாசிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் அந்த மருந்து இருக்கும். நானே வயிற்றில் போட்டுவிடப் பழகினேன்.

ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதமளவு ஆகும், ஆகையால் மாதாமாதம் பரிசோதித்து மனம் உடையாதீர்கள் என்றார் வைத்தியர். டெஸ்டொஸ்டெரோனைக் கருத்தடையாக எடுத்து நிறுத்திய ஆண்களைப் பற்றி 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வையும் எடுத்துச் சொன்னார். மில்லிலீற்றருக்கு இரண்டு கோடி என்ற அளவுக்கு ஆறு மாதத்தில் 67 சதவீதமானவர்களும், ஒரு வருடத்தில் 90 சதவீதமானவர்களும் திரும்பியிருக்கிறார்கள். மிச்சப் பேருக்கு இரண்டு வருடம் வரை ஆகலாம். அவர்கள் தொடக்கத்திலேயே நல்ல எண்ணிக்கை உள்ள ஆரோக்கியமான ஆண்கள் என்பதை மறக்க வேண்டாம். என் கணவருக்கு ஜெல்லுக்கு முந்திய எண்ணிக்கை என்ன என்று தெரியாது, ஏனெனில் யாரும் பார்க்கவில்லை. இப்போது அவருக்கு விந்தணு வந்திருக்கிறது, இன்னும் குறைவுதான். காத்திருக்கிறோம்.

இன்னொன்று. பூசிய இடம் மற்றவர் தோலில் பட்டால் மருந்து அவருக்கும் ஏறும். பிள்ளைகளுக்கு அப்படி நேர்ந்ததால் 2009இல் அமெரிக்காவில் ஜெல் பெட்டிகளில் கடும் எச்சரிக்கை போடச் சொன்னார்கள். தங்கையின் குழந்தை மாமாவின் தோளில்தான் தூங்கும். எங்களுக்கு அதையும் யாரும் சொல்லவில்லை.

தெமட்டகொடை, வயது 58

தம்பிமார் ஊசியைப் பேயாகக் காட்ட வேண்டாம். எனக்கு மூன்று பிள்ளைகள், ஒரு பேரன். நீரிழிவும் உண்டு. காலைப் பரிசோதனைகள் எல்லாம் முறையாகச் செய்து, சில வருடங்களாக 1,000 மில்லிகிராம் ஊசி போடுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவில். எனக்கு நல்ல குணம். ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துவோம் என்று சொல்லித்தான் தருகிறார்கள், புரொஸ்டேட்டையும் பார்க்கிறார்கள். இதயத்துக்குக் கெடுதி என்று மகன் பயந்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்து 2023இல் வெளியான டிராவர்ஸ் என்ற ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. அதைத் தெரிந்துகொண்டுதான் போடுகிறேன்.

"எனக்குப் பிள்ளைகள் போதும்" என்று சொல்வதிலும் அவசரம் வேண்டாம். என் கூட்டாளி ஒருவருக்கு மனைவி மௌத்தாகி, இரண்டாவது நிக்காஹ் நடந்தது. புது மனைவிக்கு வயது 36. இப்போது அவர் ஊசியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் அலைகிறார்.

ராஜகிரிய

எனக்கு ஊசியே தேவைப்படவில்லை. இரவு வேலை, 104 கிலோ, சுவர் அதிரும் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று கண்டுபிடித்து மூச்சுக்கு உதவும் இயந்திரம் தந்தார்கள். சோற்றைக் குறைத்தேன், வேலை நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். எடை இறங்க அளவு தானாக ஏறியது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை.

பம்பலப்பிட்டி, வயது 27

என் கதை வேறு. எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள கபச்சுரப்பியில் கட்டி. மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அதன் பிறகு எல்.எச்., எஃப்.எஸ்.எச். அறவே இல்லை. எனக்கு டெஸ்டொஸ்டெரோன் விருப்பத்துக்கு எடுப்பதல்ல, இல்லாவிட்டால் எலும்பு தேயும். இரத்தத்தில் அளவு நன்றாக இருக்கிறது, விந்தணு இல்லை. பிள்ளை வேண்டும் என்று முடிவெடுக்கும் காலத்தில் இதை நிறுத்திவிட்டு எச்.சி.ஜி. ஊசிக்கு மாற்றுவார்கள், போதாவிட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர்ப்பார்கள். பல மாதம், சிலருக்கு இரண்டு வருடம் வரை ஆகுமாம். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலே கரு தங்கிய ஆண்கள் இருக்கிறார்கள் என்று நிபுணர் தைரியம் சொன்னார்.

எனக்கு ஒரு சந்தேகம். அம்மா சாதகம் கொடுத்துவிட்டார். பெண் வீட்டாரிடம் இதை யார், எப்போது சொல்வது?

கொட்டாஞ்சேனை, மனைவி

பெண் வீட்டாரிடம் வேண்டாம் தம்பி, பெண்ணிடம் சொல்லுங்கள். பொன்னுருக்கு நாள் குறிப்பதற்கு முன், நீங்களே நேரில். அவள் கேள்வி கேட்பாள், பதிலை நிபுணரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். வேண்டுமானால் அவளையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். தரகரிடம் மட்டும் வாய் திறக்காதீர்கள், வெள்ளவத்தைச் சந்தை வரை போய்விடும்.

வெள்ளவத்தை, வயது 34

அக்கா சொல்வது சரி. உறையவைப்பதைப் பற்றித் தனியே கேட்டவர்களுக்கு: வருடாந்தக் கட்டணம் உண்டு, எவ்வளவு என்பதையும் கட்டத் தவறினால் என்ன செய்வார்கள் என்பதையும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். சம்மதப் படிவத்தில், நான் இறந்தால் மாதிரியை அழிப்பதா, மனைவியிடம் விடுவதா என்று ஒரு கேள்வி இருந்தது. தாதி பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் சண்டை பிடித்து, பிறகுதான் நிரப்பினோம். அவசரப்படுத்தினால் நீங்களும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், தருவார்கள்.