செஸ்னா 172 தரையிறங்கும்போது முன்சக்கரம் முறிவது ஏன்?

கேள்வி: செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் தனியாகப் பறக்கத் தொடங்கிய மாணவ விமானிகள் தரையிறங்கும்போது, விமானம் ஓடுபாதையில் பலமுறை துள்ளிய பிறகே முன்சக்கரம் முறிந்ததாகப் படிக்கிறேன். இடையில் என்னதான் நடக்கிறது?

பதில் 1: பெரும்பாலும் கூடுதல் வேகம்தான். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புத் தகடு) இறக்கிய நிலையில் 60 முதல் 70 நாட் (மணிக்குச் சுமார் 110 முதல் 130 கி.மீ.) வேகத்தில் அணுக வேண்டிய இவ்விமானம் அதற்கு மேல் விரைந்து வந்தால், நுனிக்கு நுனி அதன் இறக்கை நீளமான 11 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் காற்றின் இழுவிசை குறைவதால், தரை தொடாமல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்த மாணவர் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) முன்னே தள்ளுகிறார். முன்சக்கரம் முதலில் மோதி, மூக்கு மேலெழுகிறது. அவர் மறுபடியும் தள்ளுகிறார். கையின் எதிர்வினை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்துவதால், அடுத்தடுத்த மோதல்கள் கடுமையாகின்றன.

பதில் 2: முறியாவிட்டாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். முன்சக்கரத் தாங்கி எஞ்சினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவரோடு இணைந்திருப்பதால், அந்த மெல்லிய தகடு கசங்கியிருக்கலாம். ப்ரொப்பல்லர் நுனி தரையில் உரசியிருந்தால் எஞ்சினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பழுதுச் செலவில் கனமான பகுதி அதுவே.

கேள்வி கேட்டவர்: அப்படியானால், துள்ளியவுடனே மீண்டும் எழும்பிவிடுவது நல்லதா?

பதில் 1: பலமாகத் துள்ளினால், ஆம். எஞ்சினுக்கு முழு விசை கொடுத்ததும் மூக்கு தானே உயர முயலும் என்பதால் அதை அடக்கிப் பிடித்து, வலது ரடரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் கால்மிதி) மிதித்து, ஃபிளாப்பை முதலில் 20 பாகைக்கு மட்டும் ஏற்ற வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக மடக்கினால் விமானம் தரையை நோக்கி அமிழும்.