ஷார்ஜாவில் வீடு, துபாயில் வேலை: பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு, உங்களுக்கு?

கேள்வி: அக்கா, துபாய் தேராவில் வேலை கிடைத்து வந்திருக்கிறேன். ஏப்ரலில் குடும்பத்தைக் கூட்டி வரப்போகிறேன். வாடகை குறைவு என்பதால் ஷார்ஜா அல் நஹ்தாவில் வீடு பார்க்கிறேன். பெண் மூன்றாம் வகுப்பு, பையன் யூகேஜி. மனைவி டீச்சர், இங்கே வேலை தேடுவாள். ஷார்ஜாவில் வாரத்துக்கு நாலு நாள்தான் பள்ளியாமே, சரிப்படுமா?

பதில்: சரிப்படும் தம்பி. ஆனால் வாடகைக் கணக்குக்கு முன்னால், வீட்டில் நாலு பேருக்கும் என்றைக்கு லீவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

2022 ஜனவரிக்கு முன் இங்கே வெள்ளி, சனி விடுமுறை. அப்புறம் அமீரக அரசு சனி, ஞாயிறுக்கு மாறியது. வெள்ளி அரை நாள் வேலை. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் முழு லீவாக்கி, அரசு அலுவலகம், பள்ளி எல்லாவற்றையும் திங்கள் முதல் வியாழன் வரை என்று வைத்தது. தனியார் பள்ளிகளுக்கும் அதுதான், நம் சிபிஎஸ்இ பள்ளிகள் உட்பட. துபாய் பள்ளிகள் வெள்ளியன்று மதியத்துக்குள் முடியும். தனியார் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சட்டப்படி அவர்கள் தர வேண்டியது வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வேலை 48 மணி நேரம் வரை போகலாம். அதனால் வெள்ளியும் சனியும் நீங்கள் தேராவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். அப்போது எனக்கு வேலை துபாய் பள்ளி ஒன்றில், பிள்ளைகள் படித்தது ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, தூங்குகிற சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு மாடி கீழே பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வந்தால், கொடுத்துவிட்ட இட்லி டப்பா திறக்காமலே இருக்கும். பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். ஒரு அறையில் ஒன்பது குழந்தைகள். ஒரு வருடம் அப்படி ஓட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. அப்புறம் ஷார்ஜா பள்ளிக்கே மாறினேன். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. அதனால் உங்கள் மனைவியை ஷார்ஜா பள்ளிகளில் முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே லீவு என்பது பெரிய நிம்மதி.

டீச்சராகச் சொல்கிறேன், நாலு நாள் வாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பாடத்திட்டம் குறையவில்லை, அந்த நாலு நாளும் நெருக்கித் தள்ளும். வியாழன் கடைசி பீரியடில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டெஸ்கில் தலை வைத்துவிடும். அந்த நேரத்தில் நான் புதுப் பாடம் எடுப்பதில்லை, கதை சொல்வேன். திருத்த வேண்டிய நோட்டுகள் வெள்ளி காலைக்கு வீட்டுக்கு வரும். இருந்தாலும் சனியும் ஞாயிறும் என்னுடையவை. முன்பு வியாழன் இரவே அடுத்த வாரக் கவலை வந்துவிடும், இப்போது வருவதில்லை.

உங்கள் பையன் யூகேஜி என்பதால் பள்ளி முடியும் நேரத்தோடு பஸ் எத்தனை மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும் என்றும் கேளுங்கள். ஷார்ஜாவிலேயே முவைலே என்ற பகுதியில் பள்ளிகள் அதிகம். அங்கிருந்து அல் நஹ்தா வருவதற்குள் சின்னப் பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிவிடும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை பெண்ணை டியூஷனில் விடலாமா? பத்தாம் வகுப்பு வந்தால் இந்த நாலு நாள் போதுமா அக்கா?

பதில்: மூன்றாம் வகுப்புக்கு டியூஷன் வேண்டாமே. அனுப்பியே ஆக வேண்டும் என்றால், எடுப்பவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகப் பாடம் எடுப்பவர்களுக்கு 2023 டிசம்பரில் இருந்து இலவசமாகவே பர்மிட் தருகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு நாலு நாள் போதும். பொதுத் தேர்வு மட்டும் இந்திய நாட்காட்டிப்படிதான் நடக்கும்: 2025ல் பத்தாம் வகுப்பு முதல் தேர்வு பிப்ரவரி 15, சனிக்கிழமை. அங்கே பத்தரை என்றால் இங்கே காலை ஒன்பது.

என் வீட்டில் வெள்ளி காலை பத்து மணி தமிழுக்கு. ஸ்கூலில் இரண்டாம் மொழியாகத் தமிழ் கிடைக்கவில்லை. பெரியவள் ஒரு பக்கம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், சின்னவன் படம் பார்ப்பான். ஞாயிறு ஊரிலும் லீவு என்பதால், அன்றைக்கு அதையே அப்பத்தாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டுவாள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "ஒரு மணி நேரம்தானே" என்று பிள்ளைகளைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். 2016 குழந்தை உரிமைச் சட்டப்படி கவனிப்பில்லாமல் விடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், இங்கே எல்லாம் உயரமான கட்டடங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போதே ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து பாருங்கள். பூட்டு இல்லையென்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் போட்டுத்தரச் சொல்லுங்கள். பால்கனியில் நாற்காலி வேண்டாம்.