'சிவியர்' என்றால் எவ்வளவு? வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் பக்கமிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வீட்டு அட்வான்ஸ் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது 'சிவியர்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி. ஊரில் 'சிவியர் தலைவலி', 'சிவியர் டென்ஷன்' என்று வாய்க்கு வந்தபடி சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் கஷ்டப்படுவோம், புயல் மழையில் ஆபத்தில் மாட்டுவோம்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒன்றாம் எண் ஏற்றினால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் அபாயம். பயமுறுத்துவதற்காக யாரும் பத்தாம் எண்ணை ஏற்றுவதில்லை. சிவியரும் அதுபோல ஏணியில் ஒரு படி. அதற்குக் கீழே எது, மேலே எது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஆஸ்பத்திரி. மைல்ட், மாடரேட், சிவியர் என்று மூன்று படி வைத்திருப்பார்கள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். பொதுவாக ஒன்று முதல் மூன்று வரை மைல்ட், நான்கு முதல் ஆறு மாடரேட், ஏழும் அதற்கு மேலும் சிவியர். நம்ம ஆட்களிடம் எனக்கு இருக்கிற பெரிய கவலையே இந்த இடத்தில்தான். தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவரை ராத்திரியில் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்க முடியாமல் நிற்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை. நர்ஸ் கேட்டதும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "லிட்டில் பெயின், சிஸ்டர்" என்கிறார். நர்ஸ் எழுதியது மைல்ட். நான் குறுக்கே போய், "இல்லை, இவருக்கு எட்டு, சிவியர்" என்று சொன்ன பிறகுதான் முறை மாறியது. அப்பென்டிக்ஸ். வெட்கம், பொறுமை, அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிற நல்ல குணம் எல்லாம் சரி, ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் அதற்கு இடமில்லை. வலி எவ்வளவோ அதைச் சொல்லுங்கள். தூங்க முடியவில்லை, நிமிர முடியவில்லை, பேச முடியவில்லை என்றால் அது சிவியர்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் சிவியர் போடவும் வேண்டாம். மூக்கு ஒழுகுவதை 'பேட் கோல்ட்' என்று சொன்னால் போதும்.

இன்னொன்று, சிவியரும் சீரியஸும் ஒன்றல்ல. ஊரில் "ஆள் சீரியஸா இருக்கார்" என்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் வண்டி ஏறிவிடுவார்கள். மருத்துவத்தில் சிவியர் என்பது எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது என்பது, சீரியஸ் என்பது அதனால் எவ்வளவு ஆபத்து என்பது. ஒற்றைத் தலைவலி சிவியராக இருக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. மாரடைப்போ சில பேருக்கு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, லேசான நெஞ்சிறுக்கமாக மட்டும் வரும். அதனால் நெஞ்சு விஷயத்தில் மட்டும் 'சிவியர் ஆகட்டும், பார்ப்போம்' என்று காத்திருக்கவே கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பிரிட்டன், மலேசியாவில் 999, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் மூன்று பூஜ்யம், சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998.

மருந்துச் சீட்டில் 'சிவியர் அலர்ஜிக் ரியாக்‌ஷன்' என்று இருப்பது அரிப்பையும் தடிப்பையும் மட்டும் சொல்லவில்லை. உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, மூச்சு திணறுவது, மயக்கம் வருவது இதெல்லாம் அதில் அடங்கும். அதற்கும் அதே அவசர எண்தான்.

அடுத்து வானிலை. நம் வானிலை ஆய்வு மையம் தீவிரப் புயல் என்று அறிவிப்பதற்கு ஆங்கிலத்தில் சிவியர் சைக்ளோனிக் ஸ்டார்ம் என்று பெயர். காற்று மணிக்கு 89 முதல் 117 கிலோமீட்டர். அதற்கு மேலே மிகத் தீவிரம், அதி தீவிரம் என்று படிகள் இருக்கின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புயலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஆஸ்திரேலியாவில் மூன்றாம் வகை முதல் மேலே இருப்பதைத்தான் சிவியர் ட்ராபிக்கல் சைக்ளோன் என்பார்கள், விட்டு விட்டு வீசும் பலத்த காற்றே அங்கே மணிக்கு 165 கிலோமீட்டரைத் தாண்டும். அமெரிக்காவிலோ சாதாரண இடிமழைக்கே இந்தச் சொல் வரும். காற்று மணிக்கு 58 மைல், அதாவது சுமார் 93 கிலோமீட்டர், அல்லது ஒரு அங்குல ஆலங்கட்டி, இந்த இரண்டில் ஒன்று இருந்தால் அது சிவியர் தண்டர்ஸ்டார்ம். அங்கே 'வாட்ச்' என்று வந்தால் வரலாம் என்று அர்த்தம், தயாராக இருங்கள். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, ஜன்னலை விட்டுத் தள்ளி உள்ளே போங்கள். இங்கிலாந்தில் வெள்ளத்துக்கு அலர்ட், வார்னிங், சிவியர் வார்னிங் என்று மூன்று. மூன்றாவது வந்தால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். சாமான் எடுத்து வைக்கிற நேரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, வெளியேறச் சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

லண்டன் பாதாள ரயிலில் 'மைனர் டிலே' என்றால் கொஞ்சம் பொறுங்கள், 'சிவியர் டிலே' என்றால் வேறு வழி பாருங்கள். வேலைக்குப் புதுசு என்றால் அந்த அறிவிப்பை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

பிரிட்டனில் பயங்கரவாத அபாயத்துக்கும் ஐந்து படி வைத்திருக்கிறார்கள். லோ, மாடரேட், சப்ஸ்டான்ஷியல், சிவியர், கிரிட்டிக்கல். சிவியர் என்றால் தாக்குதல் நடக்கப் பெரிதும் வாய்ப்பிருக்கிறது என்று கணிக்கிறார்கள். அந்த நிலையிலும் கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கும். ஊரில் டிவியில் பார்த்துவிட்டு அம்மா பதறிப் போய்க் கூப்பிடுவார்கள். இதை அவர்களுக்கு முன்கூட்டியே ஒருமுறை பொறுமையாகச் சொல்லி வையுங்கள்.

இனி நாம் பேசும்போது. தமிழில் 'கடும்' என்று வருகிற இடமெல்லாம் சிவியர் பொருந்தாது. கடும் வறட்சி, கடும் தண்டனை, கடும் வலி, இவற்றுக்குச் சரி. கடும் மழை 'ஹெவி', கடும் போட்டி 'டஃப்', கடும் உழைப்பு 'ஹார்ட்'. கண்டிப்பான மேனேஜர் 'ஸ்ட்ரிக்ட்'. அவரைச் சிவியர் என்று சொன்னால் இரக்கமே இல்லாத முகம் நினைவுக்கு வரும். உடையையோ தலைமுடியையோ சிவியர் என்றால் அலங்காரமே இல்லாமல் விறைப்பாக இருக்கிறது என்று பொருள். உச்சரிப்பில் 'சி'யைக் குறிலாக விட்டு 'வி'யில் அழுத்துங்கள். முதல் எழுத்தில் அழுத்தி 'செவர்' என்றால் வெட்டித் துண்டிப்பது என்று வேறு சொல்லாகிவிடும்.

எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாத இன்னொரு சொல் வீட்டு ஒப்பந்தத்தில் இருக்கும். 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று போட்டிருந்தால் அது கடுமையான தண்டனை ஒன்றும் இல்லை. எல்லாரும் சேர்ந்தும், ஒவ்வொருவர் தனித்தனியாகவும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்று அர்த்தம். நம்ம பையன்கள் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பார்கள். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வளைகுடாவுக்கோ ஊருக்கோ போய்விட்டால், வீட்டுக்காரர் அவர் பங்கையும் மீதி மூன்று பேரிடமும் கேட்கலாம், உங்கள் ஒருவரிடமேகூட முழுதும் கேட்கலாம். ஒரே ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பாதியில் போகிறவர் மாற்று ஆள் கொடுத்து, வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் வரவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். "டமில் இன்டர்பிரிட்டர், ப்ளீஸ்" என்று மூன்று சொல் போதும். பிரிட்டனில் அவசரமில்லாத உதவிக்கான 111 எண்ணிலும் கேட்கலாம், ஆஸ்திரேலியாவில் அதற்கென்றே 131 450 இருக்கிறது. அவர் வந்ததும் வலி எப்போது தொடங்கியது, எங்கே, பத்துக்கு எத்தனை என்று தமிழிலேயே முழுதாகச் சொல்லுங்கள்.