அலோய் ரிம்முக்கு உரிக்கிற ரப்பர் ஸ்பிறே அடிக்கிறதோ, பெயின்ற் அடிக்கிறதோ?

புதுக்குடியிருப்பான்

வணக்கம். என்னட்ட 2008 ரொயோட்டா அக்சியோக் கார் ஒண்டு நிக்குது. வாகன இறக்குமதி பூட்டிக் கிடந்த காலத்தில வாய்க்கு வந்த விலை குடுத்து வாங்கினது. இப்ப இறக்குமதி திறந்திட்டாங்கள்தான், ஆனா புதுசு வாங்கிற கணக்கு எங்களுக்குச் சரிவராது. இதையே வடிவா வச்சிருப்பம் எண்டு பாக்கிறன்.

பிரச்சினை ரிம். 15 இஞ்சி அலோய். ரெண்டு நல்லாக் கிடக்கு, கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். மற்ற ரெண்டிலயும் விளிம்பைச் சுத்தி மேல் கோட்டிங் பொங்கி நிக்குது. நகத்தால தட்டினா செதில் கழண்டு கீழ வெள்ளைப் பொடி கொட்டுது. அதில ஒண்டு கிழமைக்கு ஒருக்கா காத்தும் இறங்குது. ஆணி ஒண்டும் ஏறேல்லை எண்டு ரயர் கடையில சொல்லிப் போட்டாங்கள்.

வேலை முல்லைத்தீவில. பகல் முழுக்கக் கார் கரைப்பக்கம்தான் நிக்கும். மாரியில வட்டுவாகல் பாலத்தில தண்ணி ஏறி நிண்டாலும் அதுக்குள்ளாலதான் போய் வாறது.

கனடாவில இருந்து மச்சான் சித்திரையில வாறார். பிளாஸ்ரி டிப் எண்டு ரப்பர் ஸ்பிறே இருக்காம், அடிச்சா நிறம் மாறுமாம், பிடிக்காட்டி உரிச்சு எறியலாமாம். நாலு கான் கொண்டு வாறன் எண்டு நிக்கிறார். கறுப்பு அடிக்கலாம் எண்டு யோசினை. வைகாசியில வாற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் முடிக்கோணும். வீட்டு முத்தத்தில வச்சுச் செய்யக்கூடிய வேலையோ இது?

கனகபுரம் ரீச்சர்

அண்ணா, அலோய் பற்றி எனக்குத் தெரியாது. என்ர அல்ரோவுக்கு இரும்பு ரிம், வீல் கப் போட்டது. கப் உடைஞ்சு விழுந்தபிறகு பாத்தா ரிம் முழுக்கத் துரு. நானும் தம்பியும் கம்பி பிரஷால உரஞ்சி, துரு மாத்திற அசிட் பூசிக் காயவிட்டு, துரு தடுக்கிற பிறைமர் ஒண்டும் அதுக்கு மேல சில்வரும் அடிச்சனாங்கள். ரெண்டு மாரி கண்டிட்டுது, நல்லாத்தான் இருக்கு.

ஒரு விசயம் மட்டும் சொல்லுறன். ரயரைக் கழட்டாமல் அடிக்கிறதெண்டா ரேப் ஒட்டி மினைக்கெடாதேங்கோ. பழைய கலியாணக் காட்டுகளை எடுத்து ரயருக்கும் ரிம் விளிம்புக்கும் இடையில வரிசையாச் சொருகுங்கோ, ஒண்டின்ர ஓரம் மற்றதுக்கு மேல வாற மாதிரி. மட்டை தடிப்பு, வளையாது. எங்கட வீட்டில அலுமாரி நிறையக் கிடந்தது, அம்மாவுக்குத்தான் கொஞ்சம் கோவம்.

ஸ்காபரோ வன்னியன்

மச்சானுக்கு முதல் சொல்லுங்கோ, ஸ்பிறே கான் பிளேனில கொண்டு வரேலாது. கையில கொண்டு போற பையில மட்டுமில்லை, போடுற பெட்டியிலயும் தடை. பத்தக்கூடிய காஸ் அடைச்ச கான். சென்ற், ஷேவிங் ஃபோம் மாதிரிச் சாமானுக்கு மட்டும்தான் அளவோட விடுவாங்கள். விமான நிலையத்தில எடுத்து வீசினால் காசு போச்சு.

நான் இங்க குளிர்கால ரயர் பூட்டுற இரும்பு ரிம்முகளுக்கு அடிக்கிறனான். சாமான் நல்லதுதான். ஒரு கான் 311 கிராம், நாலு ரிம்முக்கு நாலு கான் கணக்கு. மெல்லிசா அஞ்சாறு கோட் அடிக்கோணும், ஒவ்வொண்டுக்கும் இடையில அரை மணித்தியாலம் விடோணும். கஞ்சப்பட்டு ரெண்டு கோட்டோட விட்டா உரிக்கிற நாளிலதான் அழுவீங்கள். முழுசா வராது, துண்டு துண்டாப் பிய்ஞ்சு வரும். அப்பிடி வந்தா அதுக்கு மேல இன்னும் ரெண்டு மூண்டு கோட் தடிப்பா அடிச்சுக் காயவிட்டு உரிச்சா சேந்து வந்திடும்.

இதுக்குப் பெற்றோல் ஆகாது. ஊறிக் கரைஞ்சிடும். பெற்றோல் அடிக்கேக்க பின் சில்லில வழிஞ்சா உடன தண்ணி ஊத்துங்கோ. கழுவுற இடத்தில பிறஷர் தண்ணிக் குழாயை விளிம்புக்குக் கிட்டப் பிடிச்சாலும் கிளம்பும்.

முள்ளியவளைப் பெயின்ரர்

தம்பி, உங்கட ரெண்டு கேள்வியையும் முதல் பிரிப்பம். நிறம் மாத்திறது ஒண்டு. வருத்தம் மாத்திறது வேற ஒண்டு. நல்லாக் கிடக்கிற ரெண்டு ரிம்முக்கும் ரப்பர் அடிக்கலாம், ஒண்டும் நடக்காது. பொங்கின ரெண்டுக்கும் அடிக்கவே வேண்டாம்.

ஏனெண்டு கேளுங்கோ. அலுமினியத்துக்கு மேல கிளியர் கோட் எண்டு கண்ணாடி மாதிரி ஒரு பெயின்ற் கிடக்கு. கிரவல் றோட்டில கல்லுப் பட்டு அதில ஒரு ஊசிமுனை அளவு வெடிச்சாக் காணும். உப்புத் தண்ணி உள்ள போகும். அலுமினியம் கறள் பிடிச்சா இரும்பு மாதிரிச் சிவக்காது, வெள்ளையாப் பூக்கும். பூக்கிறது பருக்கும், பருக்கிறது கோட்டிங்கைத் தூக்கும், தூக்கின இடத்தால இன்னும் தண்ணி போகும். வட்டுவாகல் தண்ணி கடலும் களப்பும் கலந்தது. அதுக்குள்ளால ஓடிப்போட்டு வீட்ட வந்து நல்ல தண்ணி அடிக்காமல் விட்டா எந்த ரிம்முக்கும் இதுதான் கதி. இந்த நிலையில மேல ரப்பரைப் போத்தினீங்களெண்டா உள்ளுக்கு நிக்கிற ஈரம் அங்கேயே நிண்டு தன்ர வேலையைப் பாக்கும். வெளியால கறுப்பு மினுங்கும், நீங்களும் கவனிக்க மாட்டீங்கள்.

காத்து இறங்கிறதும் இதாலதான் எண்டு நினைக்கிறன். ரயர் குந்துற விளிம்பில உள்பக்கமா வெள்ளை பூத்திருக்கும். அதை முத்தத்தில செய்யேலாது. ரயர் கடையில கழட்டுவிச்சு, அந்த இருக்கையை வயர் பிரஷாலயும் சான்ட் பேப்பராலயும் சுத்தமாக்கி, ரப்பர் சீலர் பூசித் திரும்ப ஏத்தச் சொல்லுங்கோ. கழட்டினதோட ரிம் தனிய உங்கட கைக்கு வரும். அப்பவே பெயின்ற் வேலையையும் முடிச்சா ரீச்சரின்ர கலியாணக் காட்டும் மிச்சம். கழட்டேக்க ரிம்மைச் சுத்தி உள்ளுக்கும் வெளியிலயும் வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. வெடிச்சதையும் வளைஞ்சதையும் கற்றலோய் எண்ட பள்ளம் நிரப்புற பசையைப் பூசி மறைக்கிற வேலை வேண்டாம், அதை எறியத்தான் வேணும். கற்றலோய் மேலால உள்ள கீறலுக்கு மட்டும்.

இனி வேலை. முதல் சவர்க்காரத் தண்ணியால கழுவுங்கோ. பிரேக் தூசி சூட்டில இரும்புப் பொடியாப் பிடிச்சிருக்கும், பிரஷ் போட்டு உரஞ்சோணும். கக்கூஸ் கழுவுற அசிட்டும் வேண்டாம், கோஸ்ரிக் சோடாவும் வேண்டாம். ரெண்டும் அலுமினியத்தைத் திண்டிடும். கோஸ்ரிக்கை ஊத்தினா நுரைச்சு வாறதைப் பாத்து ஊத்தை கழருது எண்டு சந்தோசப்படுவினம். கழருறது ரிம்தான்.

காஞ்சபிறகு பொங்கின இடத்தை 240 நம்பர் சான்ட் பேப்பரால உரஞ்சுங்கோ. வெள்ளை முழுசாப் போய்ச் சுத்த உலோகம் பளிச்செண்டு தெரியோணும். ஒரு புள்ளி வெள்ளை மிஞ்சினாலும் அதிலயிருந்து திரும்பத் தொடங்கும். பழைய பெயின்ற் முடியுற ஓரத்தில கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கோ, படி தட்டப்படாது. தட்டினா இன்னும் உரஞ்சோணும். இந்த வேலையில கண்ணை நம்பாதேங்கோ, விரல்தான் சரியாச் சொல்லும். பிறகு முழு ரிம்மையும் 400ஆல ஒருக்கா. இவ்வளவும் தண்ணி இல்லாமல்.

தின்னர் துணியால துடைச்சபிறகு கை படப்படாது. வெறும் அலுமினியத்தில சாதாரணப் பிறைமர் பிடிக்காது, எச் பிறைமர் எண்டு கேட்டு வாங்குங்கோ. அது அசிட் கலந்தது, உலோகத்தைக் கடிச்சுப் பிடிக்கும். மெல்லிசா ஒரு கோட் காணும். உரஞ்சின அண்டைக்கே அடியுங்கோ, இரவு வெளியில வச்சுப் பனிபட விடாதேங்கோ. அதுக்கு மேல வழமையான பிறைமர் ரெண்டு கோட். நல்லாக் காஞ்சபிறகு 600 வோட்டர் பேப்பரால தண்ணி போட்டுத் தேயுங்கோ. பிறகு நிறம், பிறகு கிளியர். கானை ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாப் பிடிச்சு, கையை நிப்பாட்டாமல் இழுக்கோணும். ஒரே கோட்டில மூட நினைச்சா வழியும்.

கிளியரில ரெண்டு சாதி. ஹார்டனர் எண்ட இறுக வைக்கிற மருந்து கலக்கிற 2கே நல்ல கெட்டி, பெற்றோலுக்குத் தாங்கும். ஆனா அதின்ர புகை நெஞ்சுக்குக் கூடாது, ஆஸ்மா வரப்பண்ணும். கொரோனாக் காலத்து மாஸ்க் அதுக்கு ஒரு மறைப்புமில்லை. வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா சாதாரணக் கிளியரை அடிச்சுப்போட்டு, ரெண்டு மூண்டு வருசத்தில திரும்ப அடிப்பம் எண்டு விடுங்கோ. நான் தொழில்காரன், என்னட்டக் கொண்டு வந்து காசு தா எண்டுதான் சொல்லோணும். ஆனா ரிம் வேலையில பாதி உரஞ்சிறதுதான். அதுக்கு ஆக்களுக்குக் காசு குடுக்கிறதை விட நீங்களே இருந்து உரஞ்சலாம்.

முக்கியமான இடம் ரெண்டு இருக்கு. ரிம்மின்ர பின்பக்கம் ஹப்பில, அதாவது காரில சில்லுப் பூட்டுற தட்டில, போய்க் குந்துற தட்டையான முகம், முன்னால நட்டு இறுகுற கூம்புப் பள்ளம். ரெண்டிலயும் பெயின்றும் படப்படாது, ரப்பரும் படப்படாது. ரேப் ஒட்டி மூடுங்கோ. அந்த இடத்தில பெயின்ற் இருந்தா நட்டு இறுகின மாதிரி இருக்கும். ஓட ஓடப் பெயின்ற் நசிஞ்சு இடைவெளி வந்து நட்டு தளரும். சில்லுக் கழண்டு ஓடினபிறகு வடிவைப் பற்றிக் கதைச்சு என்ன?

கறுப்பு வேண்டாம் எண்டது என்ர எண்ணம். எங்கட செம்மண் புழுதி கறுப்பில, அதுவும் மினுக்கமில்லாத ரப்பரில, பூசி வச்ச மாதிரித் தெரியும். சாம்பல் கலந்த சில்வர்தான் இந்த ஊருக்கு.

புதுக்குடியிருப்பான்

நன்றி அண்ணை. மச்சானுக்கு இப்பவே கோல் எடுத்துச் சொல்லிப்போட்டன், ஸ்பிறேக்குப் பதிலா நல்ல வோட்டர் பேப்பர் கொண்டு வாறாராம். ரெண்டு கேள்வி. முத்தத்தில மாமரத்துக்குக் கீழதான் நிழல், அதில வச்சு அடிக்கலாமோ? மற்றது, நட்டு எவ்வளவு இறுக்கிறது?

முள்ளியவளைப் பெயின்ரர்

மாமரத்துக்குக் கீழ வேண்டாம் தம்பி. ஈரக் கிளியரில முசுறு விழுந்தா அதை எடுக்கப் போய் நீங்கள் கடிவாங்கி, ரிம்மும் வீணாகும். வெய்யிலுக்குள்ளயும் வேண்டாம். உலோகம் கையைச் சுடுற சூட்டில பெயின்ற் விழமுதலே காஞ்சு சொரசொரக்கும். ஒரு பக்கம் திறந்த கொட்டில், நிலத்துக்குத் தண்ணி தெளிச்சுவிட்டு, பனி விட்டபிறகு காலமை 8 மணிபோலத் தொடங்குங்கோ. பக்கத்து வயலில வெட்டுற மெசின் ஓடினா அண்டைக்கு அடிக்காதேங்கோ, பதர் முழுக்க ரிம்மில வந்து குந்தும். சோளகக் காத்துப் பிடிச்சால் கதை முடிஞ்சுது, புழுதிக்குள்ள ஒண்டும் அடிக்கேலாது. பங்குனிக்குள்ள முடியுங்கோ, பொங்கலுக்கு ரெண்டு மாசம் மிச்சம் கிடக்கும்.

ஸ்பெயார் சில்லைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொண்டாச் செய்யுங்கோ, கார் ஜக்கில தொங்காது. மணல் நிலமெண்டா ஜக்குக்குக் கீழ தடிச்ச பலகை போடுங்கோ.

அக்சியோவுக்கு நட்டு 103 நியூட்டன் மீற்றர். அந்த அளவைப் பாத்து இறுக்கிற டோர்க் றெஞ்ச் ரயர் கடையில இருக்கும். ஸ்பனருக்கு மேல ஏறி மிதிக்கிற பழக்கம் வேண்டாம், போல்ற் இழுபடும். ரயரைத் திரும்ப ஏத்தின உடன பலன்ஸும் பாக்கச் சொல்லுங்கோ. 50, 100 கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்ப ஒருக்கா நட்டுகளைப் பாருங்கோ. பரந்தனுக்குப் போய் வந்தாச் சரி.

ஸ்காபரோ வன்னியன்

வோட்டர் பேப்பரை இங்க இருந்து காவிக்கொண்டு வரவோ? அங்க எந்த ஹாட்வெயாரிலயும் இருக்குமே. மச்சானிட்ட டோர்க் றெஞ்ச் கேளுங்கோ, அது பெட்டியில போடலாம்.